எவையெல்லாம் சூரியக் குடும்பம்?

சூரியக் குடும்பத்தில் எத்தனை கோள்கள் என்று கேட்டால், எட்டு என்று பள்ளிப் பிள்ளைகள் பட்டென்று சொல்லிவிடுவார்கள். ஆனால் எவையெல்லாம் சூரியக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று கேட்டுப் பாருங்கள், பெரியவர்களுக்கே தடுமாற்றம் வந்துவிடும். துருவ நட்சத்திரம் சேர்த்தியா? வால்மீன்? புளூட்டோவைத்தான் நீக்கிவிட்டார்களே, அது இப்போது எங்கே போயிற்று? இந்தக் கேள்விகளுக்கு மனப்பாடம் உதவாது. எதை வைத்து ஒன்றைச் சேர்க்கிறார்கள், எதை வைத்து விலக்குகிறார்கள் என்று புரிந்துகொண்டால் போதும், பட்டியலை நாமே போட்டுக்கொள்ளலாம்.

முதலில் ஒரு செய்தி. இரவு வானத்தில் நம் கண்ணுக்குத் தெரிகிற புள்ளிகளில் ஏறக்குறைய எல்லாமே சூரியக் குடும்பத்துக்கு வெளியே இருப்பவை. அவை ஒவ்வொன்றும் வேறொரு சூரியன். வெறுங்கண்ணால் நாம் பார்க்கக்கூடிய நம் குடும்பத்து உறுப்பினர்கள் மிகக் குறைவு: சூரியன், நிலா, புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி, எப்போதாவது ஒரு வால்மீன், கோடு கிழித்து மறையும் எரிமீன்கள். நல்ல இருட்டில் கூர்ந்து பார்ப்பவர்களுக்கு யுரேனஸ் மங்கலாகத் தெரியலாம். மற்றபடி துருவ நட்சத்திரம், திருவாதிரை, கார்த்திகைக் கூட்டம், பன்னிரண்டு ராசிகளின் நட்சத்திரங்கள் எல்லாம் வெளியூர்தான். அவற்றில் நமக்கு மிக அருகில் உள்ளவற்றிலிருந்துகூட ஒளி வந்து சேர ஆண்டுக்கணக்கில் ஆகும். சூரிய ஒளியோ எட்டு நிமிடம் 20 நொடியில் பூமிக்கு வந்துவிடுகிறது.

கோள்கள் இந்த நட்சத்திரங்களுக்கு நடுவே இருப்பதுபோலத் தெரிவது வெறும் தோற்றம். வியாழன் ஒரு ராசியில் இருக்கிறது என்றால், அந்த ராசியின் நட்சத்திரங்கள் வெகு தூரத்தில் பின்னணியாக நிற்க, அவற்றுக்கு முன்னால் இங்கே நம் பக்கத்தில் வியாழன் நகர்கிறது என்று பொருள். வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகின்றன. பன்னிரண்டு ராசிகளுக்குப் பங்கிட்டால் ராசிக்கு ஓர் ஆண்டு, அதனால்தான் குருப்பெயர்ச்சி ஆண்டுதோறும் வருகிறது. சனிக்கு இருபத்தொன்பதரை ஆண்டுகள், எனவே சனிப்பெயர்ச்சிக்கு இரண்டரை ஆண்டு. சோதிடத்தில் நம்பிக்கை உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான். தொலைநோக்கி இல்லாத காலத்தில் இதைக் கண்ணால் பார்த்தே கணித்துவைத்தார்கள் என்பது எனக்கு எப்போதும் பெரிய விஷயமாகப் படுகிறது.

அதே நேரம், கோயிலில் நாம் சுற்றும் நவகிரகப் பட்டியலும் அறிவியல் சொல்லும் கோள்களின் பட்டியலும் ஒன்றல்ல என்பதைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நவகிரகங்களில் சூரியன் ஒரு நட்சத்திரம். சந்திரன் பூமியின் துணைக்கோள். ராகுவும் கேதுவும் பொருள்களே அல்ல, சூரியன் செல்வதாக நமக்குத் தோன்றும் பாதையை நிலாவின் பாதை வெட்டும் இரண்டு இடங்கள் அவை. கிரகணங்கள் அந்த இடங்களை ஒட்டித்தான் நடக்கும். நாம் நிற்கிற பூமி அந்த ஒன்பதில் கிடையாது. யுரேனஸும் நெப்டியூனும் தொலைநோக்கி வந்தபின் கண்டுபிடிக்கப்பட்டவை.

சேர்ப்பதற்கு ஒரே விதி

சரி, விதிக்கு வருவோம். ஒரு பொருள் சூரியனின் ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டு, அதைவிட்டு விலகிப் போக முடியாமல் இருந்தால் அது சூரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. சூரியனை நேரடியாகச் சுற்றலாம். அல்லது சூரியனைச் சுற்றும் ஒன்றை, பூமியை நிலா சுற்றுவதுபோல, சுற்றிக்கொண்டிருக்கலாம். பெரியதா சிறியதா, பக்கமா தூரமா, கல்லா பனியா வாயுவா என்பதெல்லாம் இந்தக் கேள்விக்குத் தேவையில்லை.

ஏன் சூரியனின் ஈர்ப்பு மட்டும் இப்படிக் கோலோச்சுகிறது? சூரியக் குடும்பத்தின் மொத்த நிறையில் 99.8 விழுக்காட்டுக்கும் மேல் சூரியனிடமே இருக்கிறது. மிச்சமிருக்கும் துளியிலும் பெரும்பங்கு வியாழனுக்கு. மற்ற ஏழு கோள்களையும் ஒன்றாகச் சேர்த்தால்கூட வியாழனின் நிறையில் பாதியை எட்டாது. பூமி, நாம், மலை, கடல் எல்லாம் கணக்கில் கடைசித் தசமங்களில்தான் வருகிறோம்.

ஒன்று கட்டுப்பட்டிருக்கிறதா இல்லையா என்பதை வேகத்தை வைத்துச் சொல்லிவிடலாம். பூமி சூரியனிலிருந்து ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அந்தத் தொலைவில் சூரியனின் பிடியிலிருந்து தப்ப நொடிக்கு 42 கிலோமீட்டர் வேகம் வேண்டும். பூமி ஓடுவது நொடிக்கு 30 கிலோமீட்டர், ஆகவே தப்ப வழியில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது. சூரியனுக்கு நெருங்க நெருங்கத் தப்பிக்கத் தேவையான வேகம் கூடும், விலக விலகக் குறையும். இதை விடுபடு வேகம் என்பார்கள். ஒரு பொருளின் வேகம், அது இருக்கும் இடத்தின் விடுபடு வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் அதன் பாதை மூடிய நீள்வட்டம், அதாவது சுற்றி மறுபடி வரும். கூடுதலாக இருந்தால் பாதை திறந்தது, ஒருமுறை வந்து போனால் போனதுதான்.

தொலைந்துபோன சீரிஸ்

ஆக, புதிதாக ஒரு புள்ளி கண்ணில் பட்டால் வானியலாளர் முதலில் தேடுவது அதன் பாதையைத்தான். இதற்கு சீரிஸின் கதையைவிட நல்ல உதாரணம் இல்லை.

1801 ஜனவரி 1. சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் கியூசெப்பே பியாசி என்ற வானியலாளர் நட்சத்திரங்களைப் பட்டியலிட்டுக்கொண்டிருந்தார். அன்று குறித்த ஒரு மங்கலான புள்ளி, அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தபோது இடம் மாறியிருந்தது. நட்சத்திரம் அப்படி நகராது. பிப்ரவரி 11 வரை, 41 நாட்கள் அதைப் பின்தொடர்ந்தார். நடுவில் உடல்நலம் வேறு சரியில்லை. அப்புறம் அந்தப் புள்ளி வானத்தில் சூரியன் இருக்கும் திசைக்குப் போய் வெளிச்சத்தில் மறைந்துவிட்டது. மறுபடி வெளியே வரும்போது எங்கே தேடுவது? கையில் இருந்ததோ பாதையின் ஒரு சிறு துண்டுதான்.

24 வயது கணித மேதை கார்ல் பிரெடெரிக் காஸ் அந்தத் துண்டை வைத்து முழுப் பாதையையும் கணக்கிட்டார். அவர் சொன்ன இடத்துக்கு அருகிலேயே, அதே ஆண்டின் கடைசி நாளில், பொருள் மறுபடி அகப்பட்டது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சூரியனைச் சுற்றும் ஓர் உருண்டை, குறுக்களவு ஏறத்தாழ 940 கிலோமீட்டர். பாதை தெரிந்ததும் அது நம் குடும்பம் என்பதும் உறுதியாயிற்று.

சீரிஸுக்கு முதலில் கோள் என்ற பட்டம் கிடைத்தது. பிறகு அதே வட்டாரத்தில் பல்லாஸ், ஜூனோ, வெஸ்டா என்று ஒவ்வொன்றாக வரத் தொடங்கவே, எல்லாவற்றையும் சிறுகோள் என்ற தனி வகையில் போட்டார்கள். 2006-ல் சீரிஸ் குறுங்கோள் ஆனது. இருநூறு ஆண்டுகளில் மூன்று பட்டங்கள். ஆனால் அது சூரியக் குடும்பத்தில் இருக்கிறதா என்ற சந்தேகம் ஒருநாளும் எழவில்லை. குடும்பத்தில் இடம் என்பது வேறு, வகைப் பெயர் என்பது வேறு. தொடக்கத்தில் படிப்பவர்கள் இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சிறுகோள் தேடலில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் 1861-ல் ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஏசியா என்றே பெயர். நூறாண்டுகளுக்கும் மேல் கழித்து, 1988-ல், ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்திலிருந்து ராஜமோகன் குழுவினர் மற்றொன்றைக் கண்டுபிடித்தார்கள். 4130 என்ற எண் கொண்ட அந்தச் சிறுகோளின் பெயர் ராமானுஜன். நம் கணித மேதையின் பெயரில் ஒரு கல் செவ்வாய்க்கு அப்பால் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், பாடம் தானாக ஏறும்.

இந்தச் சிறுகோள்கள் லட்சக்கணக்கில் இருந்தாலும், படங்களில் காட்டுவதுபோல நெருக்கியடித்துக்கொண்டு இல்லை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே சராசரியாக லட்சக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளி. விண்கலங்கள் எதன்மீதும் மோதாமல் சர்வசாதாரணமாகக் கடந்து போகின்றன. எல்லாச் சிறுகோள்களையும் திரட்டி உருட்டினாலும் நம் நிலாவின் நிறையில் மூன்று நான்கு விழுக்காடுதான் தேறும்.

புளூட்டோ எங்கும் போகவில்லை

புளூட்டோவுக்கு நடந்ததும் சீரிஸுக்கு நடந்ததேதான். 1930-ல் அமெரிக்காவின் லோவல் வானாய்வகத்தில் கிளைடு டாம்பா அதைக் கண்டுபிடித்தபோது ஒன்பதாவது கோள் என்றார்கள். 1992-ல் டேவிட் ஜூவிட், ஜேன் லூ இருவரும் நெப்டியூனுக்கு அப்பால் வேறொரு சிறு பொருளைக் கண்டார்கள். அதைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கில் வந்தன. அந்தப் பனிக்கற்கள் நிறைந்த வளையத்துக்குக் கைப்பர் பட்டை என்று பெயர். புளூட்டோ அந்தக் கூட்டத்தில் ஒன்று என்பது மெல்ல மெல்லத் தெரியவந்தது. 2005-ல் புளூட்டோவை ஒத்த அளவுள்ள ஈரிஸ் அறிவிக்கப்பட்டதும் முடிவெடுத்தே ஆகவேண்டிய நிலை. ஒன்று, ஈரிஸையும் கோளாக்க வேண்டும், நாளை வரப்போகும் அத்தனையையும் ஆக்க வேண்டும். இல்லையென்றால் புளூட்டோவை வேறு வகையில் வைக்க வேண்டும்.

2006 ஆகஸ்டில் பிராக் நகரில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம் கோளுக்கு மூன்று நிபந்தனைகள் விதித்தது. சூரியனைச் சுற்ற வேண்டும். சொந்த ஈர்ப்பால் உருண்டையாகியிருக்க வேண்டும். தன் பாதையை ஒட்டிய வட்டாரத்தில் தனக்கு இணையான வேறு பொருள் இல்லாதபடி ஆதிக்கம் செலுத்த வேண்டும். முதல் இரண்டில் புளூட்டோ தேறியது, மூன்றாவதில் தேறவில்லை. அதனால் குறுங்கோள். ஒன்றியம் ஏற்றுக்கொண்ட குறுங்கோள்கள் ஐந்து: சீரிஸ், புளூட்டோ, ஹௌமியா, மேக்மேக், ஈரிஸ்.

எனக்கு இந்த முடிவு சரியாகவே படுகிறது, ஆனால் அதைச் சொன்ன விதத்தில்தான் தவறு நடந்துவிட்டது. "புளூட்டோ நீக்கம்" என்று அப்போது செய்தி பரவியதால், சூரியக் குடும்பத்தைவிட்டே துரத்திவிட்டார்கள் என்று இன்றும் நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 248 ஆண்டுகளுக்கு ஒரு சுற்று என்று அது தன் போக்கில் போய்க்கொண்டுதான் இருக்கிறது. 2015 ஜூலையில் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அருகில் போய் எடுத்த படங்களில் இதய வடிவிலான நைட்ரஜன் பனிச் சமவெளியும் தண்ணீர்ப் பனியாலான மலைகளும் தெரிந்தன. எந்த வகையில் வைத்தாலும் பார்க்கத் திகட்டாத உலகம்.

துணைக்கோள்களை இங்கே வேகமாகக் கடந்துவிடலாம், விதி எளிதுதான். கோளைச் சுற்றுகின்றன, கோள் சூரியனைச் சுற்றுகிறது, எனவே உறுப்பினர்கள். புதனுக்கும் வெள்ளிக்கும் துணைக்கோள் இல்லை. சனிக்கு 270-க்கும் மேல் இருக்கின்றன. வியாழனின் கனிமீடும் சனியின் டைட்டனும் புதனைவிடப் பெரியவை. நெப்டியூனின் டிரைட்டன் மட்டும் சற்று விசித்திரம். தன் கோள் சுழலும் திசைக்கு எதிர்த் திசையில் சுற்றுகிறது. அது கைப்பர் பட்டையில் தனியாகத் திரிந்து, பிறகு நெப்டியூனிடம் சிக்கியது என்று கருதுகிறார்கள். இடம் மாறினாலும் அது அன்றும் இன்றும் சூரியக் குடும்பம்தான்.

வால்மீன்களும் அவை விட்டுச்செல்லும் தூசும்

வால்மீன் எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகிறது என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. அதை மாற்றியவர் எட்மண்ட் ஹாலி. 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் தோன்றியவை ஒரே வால்மீன்தான், அது 1758-ஐ ஒட்டி மீண்டும் வரும் என்று கணித்தார். சொன்னபடியே 1758 கிறிஸ்துமஸ் இரவில் அது கண்ணில் பட்டது. ஹாலி அப்போது உயிரோடு இல்லை, 1742-லேயே காலமாகிவிட்டார். கடைசியாக 1986-ல் வந்து போயிற்று. அடுத்த வரவு 2061-ல். இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் அதைப் பார்க்கலாம்.

காத்திருக்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஹாலி வால்மீன் உதிர்த்துவிட்டுப் போன தூசு அதன் பாதை நெடுகப் பரவிக் கிடக்கிறது. பூமி ஆண்டுதோறும் மே மாதத் தொடக்கத்திலும் அக்டோபர் மூன்றாம் வாரத்திலும் அந்தத் தூசுக்குள் புகுந்து வருகிறது. அப்போது வானத்தில் எரிமீன்கள் கூடுதலாகத் தெரியும். நட்சத்திரம் உதிர்கிறது என்று சொல்வோமே, உதிர்வது மணல் பருமனுள்ள துகள்கள். அந்தத் துகள்களும் சூரியனைச் சுற்றி வந்தவைதான், அவற்றுக்கும் குடும்பத்தில் இடம் உண்டு. டிசம்பர் 13, 14 இரவுகளில் வரும் எரிமீன் பொழிவு இன்னும் வளமானது, அதன் மூலம் ஃபேத்தான் என்ற சிறுகோள்.

ஹாலி போன்றவை பக்கத்து வீதிதான். ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைகாட்டும் வால்மீன்களும் இருக்கின்றன. அவை எல்லாத் திசைகளிலிருந்தும் வருவதைக் கவனித்த நெதர்லாந்து வானியலாளர் யான் ஊர்ட், சூரியனைச் சுற்றி வெகு தொலைவில் கோள வடிவில் கோடிக்கணக்கான பனிக்கற்கள் சூழ்ந்திருக்க வேண்டும் என்று 1950-ல் சொன்னார். அதுதான் ஊர்ட் மேகம். அதை இதுவரை யாரும் நேரில் பார்த்ததில்லை, வரும் வால்மீன்களின் பாதைகளே சாட்சி. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல ஒரு லட்சம் மடங்கு வரை அது பரவியிருக்கலாம் என்பது கணிப்பு.

எங்கே முடிகிறது?

இந்தத் தூரங்களைச் சொல்லால் விளங்கவைப்பது கடினம். கன்னியாகுமரியில் ஓர் உரித்த தேங்காயைச் சூரியனாக வைத்துக்கொள்ளுங்கள். பூமி 15 மீட்டர் தள்ளி ஒரு கடுகு. வியாழன் 78 மீட்டரில் ஒரு சிறு நெல்லிக்காய். நெப்டியூன் 450 மீட்டரில் ஒரு மிளகு. எட்டுக் கோள்களும் அரைக் கிலோமீட்டருக்குள் முடிந்துவிட்டன. ஆனால் சூரியனின் பிடி முடியவில்லை. ஊர்ட் மேகத்தின் வெளி விளிம்பு இந்த அளவில் 1,500 கிலோமீட்டர் தள்ளி, கிட்டத்தட்ட நாக்பூரில் இருக்கிறது. அடுத்த நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரியோ 4,000 கிலோமீட்டரில், காஷ்மீரையும் தாண்டி இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் போக வேண்டும்.

1977-ல் புறப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் இந்த அளவில் இரண்டரைக் கிலோமீட்டர்தான் போயிருக்கிறது. 2012-ல் அது சூரியக் குடும்பத்தைவிட்டு வெளியேறிவிட்டது என்று செய்திகள் வந்தன. உண்மையில் அது தாண்டியது சூரியக் காற்றின் எல்லையை. சூரியன் ஊதித் தள்ளும் மின்துகள்கள் அந்த இடத்தோடு நின்றுபோகின்றன, ஈர்ப்பு நிற்பதில்லை. ஊர்ட் மேகத்தின் உள் விளிம்பை எட்டவே வாயேஜருக்கு இன்னும் ஏறத்தாழ 300 ஆண்டுகள் ஆகும். ஆனாலும் அதன் வேகம் விடுபடு வேகத்தைவிடக் கூடுதல், எனவே அது திரும்பி வராது. 2003-ல் நெப்டியூனுக்கு அப்பால் கண்டுபிடிக்கப்பட்ட செட்னா என்ற சிறு உலகம் இதற்கு நேர்மாறு. பூமியின் தொலைவைப்போல 900 மடங்குக்கும் அப்பால் வரை போகிறது, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11,000 ஆண்டுகள் ஆகின்றன, ஆனாலும் அது சூரியனுக்குக் கட்டுப்பட்டது. தூரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம் என்பதற்கு இந்த இரண்டுமே போதும்.

விருந்தாளிகள் விஷயத்திலும் இதே விதிதான். 2017 அக்டோபரில் ஹவாயிலுள்ள தொலைநோக்கி ஒன்று ஓமுவாமுவாவைக் கண்டது. புதனின் பாதைக்கும் உள்ளே புகுந்து, சூரியனை உரசாத குறையாக வளைந்து போன பொருள் அது. சூரியனுக்கு மிக அருகில் இருந்தபோது அந்த இடத்தில் தப்பிக்கத் தேவையான வேகம் நொடிக்கு ஏறத்தாழ 83 கிலோமீட்டர். ஓமுவாமுவாவின் வேகம் 87. வித்தியாசம் வெறும் நான்கு கிலோமீட்டர்தான், ஆனால் அது வேறெங்கோ பிறந்தது என்று சொல்ல அதுவே போதுமானதாக இருந்தது. 2019-ல் போரிசோவ் வால்மீன் வந்தது, 2025 ஜூலையில் சிலி நாட்டுத் தொலைநோக்கி ஒன்றில் மூன்றாவதாக அட்லஸ் அகப்பட்டது. இந்த மூன்றும் நம் வீட்டுக்குள் வந்தவை, நம் வீட்டைச் சேர்ந்தவை அல்ல.

எதிர்த் திசையிலும் நடப்பதுண்டு. 1980-ல் கண்டுபிடிக்கப்பட்ட போவெல் வால்மீன் ஊர்ட் மேகத்திலிருந்து வந்தது, நம் குடும்பத்தில் பிறந்தது. அந்த ஆண்டின் இறுதியில் வியாழனுக்கு அருகே கடந்தபோது வியாழனின் ஈர்ப்பு அதற்குக் கூடுதல் வேகம் கொடுத்துவிட்டது. மூடியிருந்த பாதை திறந்துகொண்டது. இப்போது அது போய்க்கொண்டிருக்கிறது, இனித் திரும்பாது.

ஆகவே எட்டு, ஐந்து என்று எண்களைச் சொன்னாலும், சூரியக் குடும்பத்தின் முழு எண்ணிக்கை யாரிடமும் இல்லை. சிலியிலுள்ள வேரா ரூபின் வானாய்வகம் 2025 ஜூனில் தன் முதல் படங்களை வெளியிட்டது. சுமார் பத்து மணி நேரப் பதிவிலேயே அதுவரை யாரும் காணாத 2,104 சிறுகோள்கள் அவற்றில் இருந்தன. அதன் பத்தாண்டுத் தேடல் முடிவதற்குள் பாடப்புத்தகங்களைப் பலமுறை திருத்த வேண்டியிருக்கும்.